ஆதரவு முடிந்த கைப்பேசியின் பூட்லோடர் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

#1 · கரிசல்காட்டான்

2019ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று என்னிடம் இருக்கிறது. திரையில் கீறல் இல்லை, கேமரா பழுதாகவில்லை, போன மாதம்தான் பேட்டரியை மாற்றினேன். ஆனால் 2022ஆம் ஆண்டோடு அதற்குப் பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) வருவது நின்றுவிட்டது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் லினேஜ் ஓஎஸ் போன்ற ஆண்ட்ராய்டு வகை இயங்குதளம் ஒன்றை ஏற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று பார்த்தால், எந்த மென்பொருள் ஓடலாம் என்று கைப்பேசியை இயக்கும்போதே சோதிக்கும் பூட்லோடரைத் திறப்பதற்கு நிறுவனம் வழி வைக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். என்னுடைய பாதுகாப்பைக் கருதியே அந்த வசதியைத் தருவதில்லை என்று பதில் வந்தது. மூன்று ஆண்டுகளாக ஒரு ஓட்டையைக்கூட அடைக்காத ஒரு நிறுவனம் என் பாதுகாப்பைப் பற்றிப் பேசியதுதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது.

என் வாதம் எளிமையானது. நிறுவனம் கையொப்பமிட்ட மென்பொருள் மட்டுமே ஓட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நான் ஏற்றுக்கொண்டது, அந்த மென்பொருளை அவர்கள் பராமரிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான். பராமரிப்பு நின்ற பிறகும் கட்டுப்பாடு மட்டும் தொடர்வது, காவல்காரர் வேலையை விட்டுப் போகும்போது வீட்டுச் சாவிக்கொத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போவதைப் போன்றது. ஆகவே, கடைசிப் பேட்ச் வெளிவரும் நாளிலேயே பூட்லோடரைத் திறக்கும் வழியை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறேன்.

கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு அறிவித்துவிட்டதால் இந்தப் பேச்சுக்கே இனி இடமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அவை விலை உயர்ந்த கைப்பேசிகள். பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு அந்த வாக்குறுதி கிடையாது. எட்டாம் ஆண்டில் எஸ்24 வைத்திருப்பவருக்கும் இதே கேள்விதான் எழும்.

#2 · பலகைவைத்தியர்

சென்னை ரிச்சி தெருவை ஒட்டி இருபது ஆண்டுகளாகப் பழுது பார்த்துவருகிறேன். விவாதம் திசை மாறாமல் இருக்க முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் என் கடைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் "அன்லாக்" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பூட்டுகளைக் குறிப்பிடுகிறார்கள். திரைப் பூட்டும் அதோடு சேர்ந்த கூகுள் கணக்குப் பூட்டும் திருட்டைத் தடுப்பதற்காக இருப்பவை. ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி வைக்கும் பூட்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கைப்பேசிகளில் இருப்பது. பூட்லோடர் பூட்டு இவை இரண்டிலிருந்தும் வேறானது.

சிப்புக்கு உள்ளேயே மாற்ற முடியாதபடி பதிந்திருக்கும் சிறு நிரல்தான் கைப்பேசியை இயக்கியவுடன் முதலில் ஓடுகிறது. அடுத்து ஓட வேண்டிய நிரலில் இருக்கும் கையொப்பத்தை, தொழிற்சாலையில் ஃப்யூஸ் எரித்துப் பதித்த சாவியின் அடையாளத்தோடு அது ஒப்பிடும். பொருந்தினால் மட்டுமே வழிவிடும். இப்படி ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டே ஆண்ட்ராய்டு வரை வந்து சேரும் சங்கிலியில், கடைசிக் கண்ணிகளைத் தளர்த்துவதைத்தான் பூட்லோடர் திறப்பு என்கிறோம். முறையாகத் திறந்தால் உள்ளே இருக்கும் தரவு முழுவதும் அழிந்துவிடும். இது குறையன்று, கைப்பேசியைக் களவாடியவன் பூட்டைத் திறந்து உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

#3 · நெய்தல்

செயலிப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில், இழையைத் தொடங்கிய நண்பரோடு பெரும்பாலும் முரண்படுகிறேன். பேட்ச் நின்றவுடன் பூட்டுக்குப் பயன் இல்லை என்ற அடிப்படையே சரியன்று. பழைய ஓட்டை ஒன்றின் வழியாகத் தீநிரல் உள்ளே நுழைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பூட்லோடர் பூட்டியிருந்தால் அந்த நிரலால் சிஸ்டம் பகுதியை நிரந்தரமாக மாற்றிவிட முடியாது. மாற்றினால் அடுத்த முறை இயக்கும்போது கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். அதாவது, ஃபேக்டரி ரீசெட் செய்தால் சுத்தமான நிலைக்குத் திரும்பலாம் என்ற உறுதி ஆதரவு முடிந்த கைப்பேசியிலும் மிஞ்சியிருக்கிறது. திறந்த கைப்பேசியில் அந்த உறுதி போய்விடும்.

இரண்டாவது, இடைத்தரகர்கள். ஷாவ்மி நிறுவனத்தின் கைப்பேசிகளைச் சீனாவில் வாங்கி வேறு நாடுகளில் விற்ற சில விற்பனையாளர்கள், விளம்பர நிரல்களைத் திணித்த போலி ரோம்களை (கைப்பேசி இயங்குதளத் தொகுப்புகளை) ஏற்றி விற்றார்கள். பூட்டைத் திறக்கக் கணக்கைப் பதிவு செய்ய வேண்டும், பல நாட்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதிகளுக்கு இதுவும் ஒரு காரணம். பழைய கைப்பேசிகள்தான் அதிகம் கைமாறுகின்றன. ஆதரவு முடிந்த கைப்பேசிகள் அனைத்தையும் திறக்கலாம் என்று வைத்தால், பழைய கைப்பேசிச் சந்தையில் வாங்குபவர் கைக்கு எந்த மென்பொருள் வந்து சேர்கிறது என்பதை யார் உறுதி செய்வது?

மூன்றாவது, பணப் பரிமாற்றம். கைப்பேசியின் மென்பொருள் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையை நம்பும் வங்கிச் செயலிகள் பல, பூட்லோடர் திறந்த கைப்பேசியில் ஓட மறுக்கும். யுபிஐ இல்லாத கைப்பேசியை நம் ஊரில் எத்தனை பேர் முதன்மைக் கைப்பேசியாக வைத்துக்கொள்வார்கள்?

#4 · கரிசல்காட்டான்

நெய்தல் அவர்களின் முதல் கருத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன், திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருத்தே என் கோரிக்கையை இன்னும் கூர்மையாக்குகிறது. பூட்டு வேண்டாம் என்பதன்று என் கோரிக்கை, பூட்டின் சாவி என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதே.

ஆண்ட்ராய்டு 8லிருந்து வந்த சரிபார்ப்பு முறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. நிறுவனத்தின் சாவியால் பூட்டியது பச்சை நிலை, முழுவதும் திறந்தது ஆரஞ்சு நிலை, உரிமையாளர் தன் சாவியைப் பதித்து மீண்டும் பூட்டியது மஞ்சள் நிலை. பிக்சல் கைப்பேசிகளில் கிராஃபீன் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை நிறுவுபவர்கள் அந்த மஞ்சள் நிலையில்தான் ஓட்டுகிறார்கள். வேற்று மென்பொருள் ஏறியிருக்கிறது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையில் வரும் என்பதால், பழைய கைப்பேசி வாங்குபவர் ஏமாறுவதும் கடினம். சங்கிலி அறுபடுவதில்லை, அதன் நுனி கைமாறுகிறது, அவ்வளவுதான். இந்த மஞ்சள் நிலையைப் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் கைப்பேசிகளில் அமைக்காமல் விட்டுவிட்டதுதான் சிக்கல்.

நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் வாடிக்கையாளர் எதிர்ப்புக்குப் பணிந்து எச்டிசி பூட்டைத் திறக்க வழிசெய்தது. 2018 ஜூலையோடு ஹுவாவே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. 2025இல் சாம்சங்கின் ஒன் யூஐ 8 மென்பொருள் பதிப்பு வந்தபோது அமைப்புப் பட்டியலிலிருந்து பூட்லோடரைத் திறக்கும் தேர்வே மறைந்துபோயிற்று.

#5 · வடகடல்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். ஐரோப்பா இதற்கு ஏற்கெனவே தீர்வு கண்டுவிட்டது என்று ஊரிலிருக்கும் நண்பர்கள் நினைக்கிறார்கள், ஆகவே இங்கே இருப்பதையும் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த 2023/1670 எண் ஒழுங்குவிதி, உதிரி பாகங்கள் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாகப் பேசுகிறது. ஒரு மாதிரியின் கடைசிக் கைப்பேசி சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த வாசகத்தில், நிறுவனம் "புதுப்பிப்பு வழங்குமானால்" என்றொரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழங்கவே இல்லையென்றால் என்ன என்ற கேள்விக்கு வழக்கறிஞர்கள் இன்னும் பல ஆண்டுகள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும் என்ற கடமை அந்த விதியில் எங்கும் இல்லை. 2022இல் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, எந்தக் கருவியிலும் எந்த மென்பொருளையும் நிறுவும் உரிமை வேண்டும் என்று சட்டமியற்றுவோருக்குத் திறந்த மடல் எழுதியது. அந்தக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

ஃபேர்ஃபோன் 2ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015இல் வெளிவந்த அந்தக் கைப்பேசிக்கு, சிப் நிறுவனத்தின் ஆதரவு முன்பே முடிந்துபோயிருந்தும், 2023 வரை புதுப்பிப்பு கிடைத்தது. சிறிய நிறுவனம் ஒன்று, லினேஜ் ஓஎஸ் சமூகத்தின் உழைப்பையும் துணைக்கொண்டு செய்த வேலை அது. திறந்து வைத்ததால்தான் அந்த உதவி கிடைத்தது.

#6 · ஏட்டுச்சுரை

சட்டம் படித்தவன், ஆனால் இந்தத் துறையில் வழக்கு நடத்தியவனல்லன். என் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்ளுங்கள்.

திறக்கலாம் என்ற அனுமதியும், திறந்து கொடுக்க வேண்டும் என்ற கடமையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவு தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. கைப்பேசியில் வேறு மென்பொருள் ஓட்டுவதற்காக உடைப்பதற்கு 2010 முதல் விலக்கு உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கேட்டுக் கேட்டுப் புதுப்பிக்கிறார்கள். ஆனால் அங்கேதான் ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட சாம்சங் கைப்பேசிகளைப் பல ஆண்டுகளாக யாராலும் முறையாகத் திறக்க முடிந்ததில்லை. உடைத்தால் குற்றமில்லை என்கிறது சட்டம். உடைக்க முடியாதபடி செய்துவிடுகிறது நிறுவனம்.

இந்தியாவில் 2012இல் திருத்திச் சேர்த்த 65அ பிரிவு ஒப்பீட்டளவில் மென்மையானது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சொந்தக் கைப்பேசியில் கட்டற்ற மென்பொருளை நிறுவுபவருக்கு அந்த நோக்கம் இருப்பதாக வாதிடுவது கடினம் என்பது என் கருத்து. பலகைவைத்தியர் அண்ணன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டம் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், அந்த நபரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எத்தனை கடைகளில் அந்தப் பதிவேடு இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. ஆண்ட்ராய்டின் கருவான லினக்ஸ், ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவதால், அதன் மூல நிரலை நிறுவனங்கள் தர வேண்டும்; பலர் தரவும் செய்கிறார்கள். அதைத் திருத்தி அதே கைப்பேசியில் ஓட்டிப்பார்க்க முடியாது என்றால் அந்த உரிமை ஏட்டளவில்தான் நிற்கும். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைக்க முயன்றது, ஆனால் லினக்ஸ் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

#7 · தோணி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மாவின் கைப்பேசிக்கு மூன்று ஆண்டுகளாகப் பேட்ச் வரவில்லை, ஆனால் வங்கிச் செயலி அதில் ஒழுங்காக ஓடுகிறது. திறந்து புதிய ரோம் போட்டால் பேட்ச் வரும், ஆனால் வங்கிச் செயலி நின்றுவிடும் என்கிறீர்கள். அப்படியானால் ஓட்டையுள்ள கைப்பேசியைப் பாதுகாப்பானது என்றும், ஓட்டையை அடைத்த கைப்பேசியை ஆபத்தானது என்றும் வங்கி கருதுகிறதா?

#8 · நெய்தல்

தோணி கேட்டதுதான் எங்கள் துறையை நாணச் செய்யும் கேள்வி. ஆம், நடைமுறையில் பல செயலிகள் அப்படித்தான் கருதுகின்றன, ஏனென்றால் அவை சோதிப்பது பச்சை நிலையையே தவிர பேட்சின் வயதையன்று. 2025 முதல், ஆண்ட்ராய்டு 13உம் அதற்கு மேற்பட்டதும் கொண்ட கைப்பேசிகளில் பிளே இன்டெக்ரிட்டியின் மிக உயர்ந்த தரச்சான்றைப் பெறக் கடந்த ஓராண்டுக்குள் வந்த பேட்ச் இருக்க வேண்டும் என்று கூகுள் மாற்றியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு அந்த நிபந்தனையும் இல்லை. அம்மாவின் கைப்பேசியைத் திறக்காதீர்கள் என்பதே இன்றைக்கு நான் தரக்கூடிய அறிவுரை. அந்த அறிவுரை நியாயமானதா என்று கேட்டால், இல்லை.

அதோடு, புதிய ரோம் போட்டால் எல்லா ஓட்டையும் அடைபட்டுவிடும் என்றும் எண்ண வேண்டாம். மோடம், கிராபிக்ஸ் ஆகியவற்றுக்கான ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள் நிரல்) சிப் நிறுவனத்தின் கையொப்பத்தோடு மூடிக் கிடக்கிறது. அதை எந்தத் தன்னார்வலராலும் திருத்த முடியாது. லினேஜ் ஓஎஸ் இதை மறைக்காமல், இயங்குதளப் பேட்சின் தேதியையும் வன்பொருள் பகுதிப் பேட்சின் தேதியையும் தனித்தனியாகக் காட்டுகிறது.

#9 · பலகைவைத்தியர்

தம்பி ஏட்டுச்சுரை சொன்ன பதிவேட்டை நாளையே வாங்கிவிடுகிறேன்.

கடையில் இருந்து பார்ப்பவனுக்கு வேறொரு ஆபத்து தெரிகிறது. முறையான வழி இல்லை என்பதால் யாரும் சும்மா இருந்துவிடுவதில்லை. சிப்பின் முதல் நிரலிலேயே ஓட்டை தேடித் திறக்கிறார்கள். ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை பாதித்த செக்எம்8 ஓட்டை 2019இல் வெளிவந்தபோது, புதுப்பிப்பால் அதை அடைக்கவே முடியாது என்று தெரிந்தது. அதை வைத்தே 2020இல் ஐபோன் 7இல் ஆண்ட்ராய்டை ஓட்டிக் காட்டினார்கள். அவர்கள் விவரம் அறிந்தவர்கள். நம் பையன்கள் செய்வது, பெயர் தெரியாத தளத்திலிருந்து ஒரு கருவியை இறக்கி, கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுவது. கைப்பேசி பிரிக் ஆகி, அதாவது இயங்கவே இயங்காமல், மேசைக்கு வரும்போது பல நேரம் அவர்களுடைய கம்ப்யூட்டரும் நோயுற்றிருக்கும். நிறுவனம் ஒரு வரிக் கட்டளையில் செய்து கொடுக்கக்கூடியதை மறுப்பதால் விளையும் கேடு இது. இதையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திறந்து வைத்திருந்ததால் பயன் கிடைத்ததற்கு ஒன்று சொல்கிறேன். 2012இல் வந்த கேலக்சி எஸ்3இன் சர்வதேச மாதிரிக்கு சாம்சங் ஆண்ட்ராய்டு 4.3 வரைதான் கொடுத்தது. அதன் பூட்லோடர் தடையாக இல்லாததால் தன்னார்வலர்கள் அதை 7.1 வரை கொண்டுபோனார்கள். 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழ்ப்பட்ட கைப்பேசிகளை வாட்ஸ்அப் கைவிட்டபோது, நிறுவனத்தின் மென்பொருளோடு இருந்த எஸ்3 அந்த வரம்புக்குக் கீழே நின்றது, மாற்றிக்கொண்ட எஸ்3 மேலே நின்றது.

திறப்பதற்கு விதிக்கும் தண்டனையையும் பேச வேண்டும். சாம்சங்கில் ஒரு முறை திறந்தால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃப்யூஸ் எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும், கோப்புகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது. சோனி எக்ஸ்பீரியாவின் சில பழைய மாதிரிகளில் பூட்டைத் திறந்தால் ஒரு தனிப் பகுதியில் இருந்த சாவிகள் அழிந்து, கேமராவின் படத்தரமே குறைந்துபோகும். நான் வாங்கிய லென்ஸுக்கும் அவர்களுடைய சாவிக்கும் என்ன தொடர்பு?

#10 · நெய்தல்

நான் எதிர்த்து எழுதத் தொடங்கியவள். இரண்டு நாட்கள் யோசித்த பிறகு, எதிர்ப்பைக் கைவிடாமல் நிபந்தனையாக மாற்றிக்கொள்கிறேன். என் மனத்தை மாற்றியது எல்ஜியின் கதை. 2021 ஏப்ரலில் கைப்பேசித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்த எல்ஜி, அந்த ஆண்டின் இறுதியோடு பூட்லோடர் திறப்புக் குறியீடு தரும் தளத்தையும் மூடிவிட்டது. அதற்குள் குறியீட்டை வாங்கி வைத்தவர் பிழைத்தார். மற்றவர்கள் கையில் இருப்பது, நிறுவனமே இல்லாத ஒரு தொழிலின் பூட்டு.

ஆகவே திறக்கும் வழி நிறுவனத்தின் சர்வரை நம்பி இருக்கக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை. கடைசிப் புதுப்பிப்பிலேயே, இணையம் இல்லாமலும் செயல்படும் திறப்பு வசதியைச் சேர்த்து அனுப்பிவிட வேண்டும். கைப்பேசியில் பதிந்திருக்கும் கணக்கின் கடவுச்சொல்லை உள்ளிடாமல் அந்த வசதி இயங்கக் கூடாது. இல்லையென்றால் களவுபோன கைப்பேசிகளுக்கு நாமே சந்தை திறந்துவிட்டவர்கள் ஆவோம். தரவு அழிய வேண்டும். உரிமையாளர் தன் சாவியைப் பதித்து மீண்டும் பூட்ட இடமிருக்க வேண்டும், இயக்கும்போது வரும் எச்சரிக்கைத் திரையை யாராலும் நீக்க முடியாதபடி இருக்க வேண்டும். இவை எல்லாமே இன்று பிக்சலில் பெருமளவு இருப்பவைதான் என்பதால், தொழில்நுட்பம் இல்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. தங்கள் சொந்தக் கையொப்பச் சாவியை அவர்கள் வெளியிட வேண்டியதும் இல்லை. வெளியிடவும் கூடாது, ஏனென்றால் அதே சாவியால் கையொப்பமிட்ட வேறு மாதிரிகள் புழக்கத்தில் இருக்கக்கூடும்.

#11 · கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. ஒரு கருவியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் தரும் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக அமைத்த குழு 2025இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. கைப்பேசிகளை மதிப்பிடும் அளவுகோல்களில் மென்பொருள் புதுப்பிப்பும் ஒன்று. புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதோடு, நின்ற பிறகு என்ன ஆகும் என்பதற்கும் மதிப்பெண் வேண்டும் என்று துறைக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். வரைவு:

"ஒரு மாதிரிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு முடிவடைந்த நாளிலிருந்து, அதன் உரிமையாளர் தன் கணக்கை உறுதிசெய்த பின், நிறுவனத்தின் சர்வரைச் சாராமலும் கட்டணமில்லாமலும் பூட்லோடரைத் திறக்கவும், தன் சொந்தச் சாவியைப் பதித்து மீண்டும் பூட்டவும் உற்பத்தியாளர் வழிசெய்ய வேண்டும். இவ்வாறு திறப்பதால் கேமரா முதலிய வன்பொருளின் செயல்பாடு குறையக் கூடாது."

#12 · வடகடல்

வரைவில் "முடிவடைந்த நாள்" என்பதை யார் தீர்மானிப்பது? இங்கே "வழங்குமானால்" என்ற ஒரு சொல் செய்யும் வேலையைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். நிறுவனம் முடிவை அறிவிக்கவே இல்லை என்றால், அல்லது பெயருக்கு ஆண்டுக்கு ஒரு பேட்ச் விட்டுக்கொண்டிருந்தால், அந்த நாள் ஒருபோதும் வராது.

#13 · ஏட்டுச்சுரை

நல்ல பிடி. அறிவிப்பைச் சார்ந்து எழுதாமல் நாளைச் சார்ந்து எழுதிவிடலாம்: "நிறுவனம் அறிவித்த நாள், அல்லது கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியாகி 180 நாட்கள் கடந்த நாள், இவற்றுள் எது முந்தியதோ அது." கைப்பேசியின் அமைப்புப் பக்கத்திலேயே பேட்ச் தேதி இருப்பதால், உரிமையாளர் யாரையும் கேட்காமல் நாளை எண்ணிக்கொள்ளலாம்.

#14 · பலகைவைத்தியர்

இன்னொரு கண்ணி இருக்கிறது. நெய்தல் கேட்டபடி திறப்பு வசதியைக் கடைசிப் புதுப்பிப்பில்தான் அனுப்புவார்கள் என்றால், 180 நாட்கள் சும்மா இருந்துவிட்டுத் தொழிலை மூடிவிடும் நிறுவனம் அந்தப் புதுப்பிப்பை அனுப்பவே போவதில்லை. விற்பனைக்கு வரும் நாளிலேயே அந்த வசதி உள்ளே இருக்க வேண்டும், பேட்ச் தேதியைப் பார்த்துத் தானே விழித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள். தேதியை மாற்றி ஏமாற்றுவார்களே என்று நெய்தல் கேட்பார். அதற்கு விடையையும் அவரே சொல்லட்டும்.

#15 · நெய்தல்

கைப்பேசியின் கடிகாரத்தை நம்பாமல், மொபைல் நெட்வொர்க்கோ இணையமோ தரும் நேரத்தோடு ஒப்பிடச் செய்யலாம். அதையும் ஏமாற்ற முடியும், ஆனால் தரவு அழிவதாலும் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படுவதாலும், ஏமாற்றி முன்கூட்டியே திறப்பவர் தன் சொந்தக் கைப்பேசியைத்தான் திறந்துகொள்வார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரைவில் "விற்பனைக்கு வரும் நாளிலேயே" என்பதைச் சேர்த்துவிடுங்கள்.